டீபக்கர் கனெக்ட் ஆகலையா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்



மின்னணுவியல், மெக்கட்ரானிக்ஸ், கணினிப் பொறியியல் என்று படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கான பாடம் இது. கடைசி ஆண்டுத் திட்டப்பணி என்று வந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் உட்கார்ந்திருக்கும். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவி, செடிக்குத் தண்ணீர் விடும் கருவி, பாட்டிக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் பெட்டி, எதுவானாலும் சரி. நிரல் எழுதுவது விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில். எழுதியாச்சு, கம்பைல் ஆச்சு, போர்டைச் செருகியாச்சு, எஃப்5 விசையைத் தட்டியாச்சு. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: ஓபன்ஓசிடி சர்வரைத் தொடங்க முடியவில்லை, டைம்அவுட்.

அதற்கு அப்புறம் நடப்பது எனக்கு மனப்பாடம். செமஸ்டர் கடைசியில் என் கைத்தொலைபேசிக்கு வருவதெல்லாம் இந்தக் கதைதான். முதலில் எக்ஸ்டென்ஷனை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். பிறகு எடிட்டரையே அழித்துப் போடுவார்கள். யாரோ எழுதிய லாஞ்ச் கோப்பை முழுசாக எடுத்து ஒட்டுவார்கள். சிலர் லேப்டாப்பையே ஃபார்மேட் செய்துவிடுவார்கள். மூன்றாம் நாள் ஒரு செய்தி வரும்: "அண்ணே, எனக்கு ஹார்ட்வேர் வராது போல. ஆப் ஏதாச்சும் செஞ்சு குடுத்துடறேன்."

அந்த மூன்று நாளில் அந்தப் பிள்ளை தன் நிரலில் ஒரு வரியைக்கூட சிப்பில் ஓட்டிப் பார்த்திருக்காது. நிரல் சரியாகவே இருந்திருக்கலாம். கோளாறு சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒரு மலிவு கேபிளில் இருந்திருக்கலாம். அதற்காக ஒருத்தர் தனக்கு இந்தத் துறையே வராது என்று முடிவு கட்டுவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சாம்பார் வாளி எங்கே நிற்கிறது?

முதலில் ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். எடிட்டருக்கு உங்கள் சிப்பைத் தெரியாது. எஃப்5 தட்டியதும் கார்டெக்ஸ்-டீபக் என்ற எக்ஸ்டென்ஷன் உங்கள் லாஞ்ச் கோப்பைப் படிக்கிறது. படித்துவிட்டு இரண்டு வேறு நிரல்களை எழுப்புகிறது. ஒன்று ஜிடிபி. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கிய பழைய டீபக்கர், இன்றைக்கும் உழைக்கிறது. இன்னொன்று ஓபன்ஓசிடி. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காகத் தொடங்கியது அது. ஆமாம், உங்களைப் போல ஒருவருடைய கடைசி ஆண்டு வேலைதான்!

ஜிடிபியும் ஓபன்ஓசிடியும் ஒரே கணினிக்குள் ஒரு போர்ட் வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஓபன்ஓசிடி யுஎஸ்பி கேபிள் வழியாக எஸ்டி-லிங்க் என்ற சின்ன டாங்கிளிடம் பேசுகிறது. அந்த டாங்கிள் இரண்டே இரண்டு சிக்னல் வயர்களில் சிப்பிடம் பேசுகிறது. சிப் பதில் சொன்னால் அதே வழியாகத் திரும்பி வந்து எடிட்டரில் மஞ்சள் கோடாகத் தெரியும்.

திருவிழா அன்னதானத்தில் சமையற்கட்டிலிருந்து பந்திக்கு சாம்பார் வாளி கைமாறி வரும் பாருங்கள், அது மாதிரி. பந்தியின் கடைசியில் இருப்பவர் "சாம்பார் வரலையே" என்றுதான் சொல்ல முடியும். அடுப்பில் தீர்ந்துபோச்சா, நடுவில் யாராவது வாளியைக் கீழே வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டாரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? "டைம்அவுட்" என்ற செய்தியும் அப்படித்தான். காத்திருந்தேன், வரலை. அவ்வளவுதான் அதன் பொருள்.

ஆகவே பந்தியில் இருப்பவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அடுப்பிலிருந்து ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

இந்தப் பாடத்துக்கு ப்ளூ பில் என்று எல்லாரும் கூப்பிடும் நீல போர்டை எடுத்துக்கொள்கிறேன். அதில் எஸ்டிஎம்32எஃப்103 சிப்: கார்டெக்ஸ்-எம்3 கோர், 72 மெகாஹெர்ட்ஸ், 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ராம். மலிவாகக் கிடைப்பதால் நிறைய பேர் கையில் இருக்கிறது. சிப்பைச் செய்யும் எஸ்டி நிறுவனம் நமக்குத் தூரத்துச் சொந்தமும் இல்லை. ஜொகூர் மூவாரிலும் சிங்கப்பூர் அங் மோ கியோவிலும் அதற்குத் தொழிற்சாலைகள் உண்டு. சிப்பின் முதுகில் சின்ன எழுத்தில் எம்.ஒய்.எஸ். என்று இருந்தால் அது மலேசியாவைக் குறிக்கும். போலி சிப்பிலும் அதே எழுத்தை அச்சடித்து வைப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கதை பிறகு வருகிறது.

எடிட்டரை மூடுங்கள்

உண்மையாகவே மூடுங்கள். கணினியில் டெர்மினலை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

கேபிள்தான் முதல். டாங்கிளைச் செருகியதும் கணினிக்கு அது தெரிகிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகிப் பாருங்கள், பட்டியல் அசைய வேண்டும். லினக்ஸில் யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளை இருக்கிறது. பட்டியல் அசையவே இல்லை என்றால் கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள். போனோடு வரும் சில மலிவு கேபிள்களில் மின்சாரம் போகும் இரண்டு வயர் மட்டும்தான் இருக்கும், தரவு போகும் வயர் இருக்காது. போர்டில் விளக்கு எரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். விளக்குக்கு மின்சாரம் போதும்.

இன்னொன்று. ப்ளூ பில் போர்டிலேயே ஒரு யுஎஸ்பி வாய் இருக்கிறது. அது டீபக் செய்வதற்கான வாய் அல்ல. அதில் மட்டும் கேபிளைச் செருகிவிட்டு டீபக்கர் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

அடுத்தது ஓபன்ஓசிடியைத் தனியாக ஓட்டுவது. அதற்கு இரண்டு கோப்புகளைச் சொல்ல வேண்டும். முதலில் இன்டர்ஃபேஸ் கோப்பு, அதாவது நடுவில் எந்த டாங்கிள் இருக்கிறது என்பது. இரண்டாவது டார்கெட் கோப்பு, அதாவது கடைசியில் எந்த சிப் இருக்கிறது என்பது. நமக்கு எஸ்டிலிங்க் ஒன்று, எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ் ஒன்று. வரிசை மாறக்கூடாது.

இப்போது திரையில் வருவதை நிதானமாகப் படியுங்கள். இந்தப் பாடத்திலேயே முக்கியமான இடம் இதுதான், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "ஓபன் ஃபெயில்டு" என்று வந்தால் ஓபன்ஓசிடிக்கு டாங்கிளே கிடைக்கவில்லை. கோளாறு கணினிக்கும் டாங்கிளுக்கும் நடுவில். சிப்பையும் ஜம்பர் வயரையும் தொடாதீர்கள். "டார்கெட்டோடு இணைய முடியவில்லை" என்ற பொருளில் வந்தால் டாங்கிள் கிடைத்துவிட்டது, சிப்தான் பதில் சொல்லவில்லை. கோளாறு டாங்கிளுக்கும் சிப்புக்கும் நடுவில். டிரைவரை அழித்துப் போட வேண்டிய வேலையே இல்லை. மூன்று நாள் தேடலை இந்த ஒரு வித்தியாசம் பாதியாக வெட்டிவிடும்.

முதல் வகை என்றால் பெரும்பாலும் டிரைவர் அல்லது அனுமதி. லினக்ஸில் அனுமதி மறுப்பு என்று லிப்யுஎஸ்பி சொல்லும். ஓபன்ஓசிடியோடு வரும் யுடெவ் விதிக் கோப்பை அதற்கான இடத்தில் வைத்து, விதிகளை மறுபடி ஏற்றி, டாங்கிளைக் கழற்றிச் செருகினால் சரியாகும். ஒவ்வொரு தடவையும் சூடோ போட்டு ஓட்டுவது சோம்பேறித்தனம். எடிட்டருக்குள் போனதும் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். விண்டோஸில் எஸ்டி நிறுவனத்தின் டிரைவரைப் போடுங்கள். ஸாடிக் என்ற கருவியைப் பலர் சொல்வார்கள். அது நல்ல கருவிதான், ஆனால் பட்டியலில் தவறான பெயரைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கீபோர்டும் மவுஸும் செத்துப்போகும். கையை வைக்கும் முன் பெயரை இரண்டு தடவை படியுங்கள்.

இரண்டாவது வகை கொஞ்சம் சுவாரஸ்யமானது. வயர் நாலு: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டபிள்யூடிஐஓ, எஸ்டபிள்யூசிஎல்கே. டாங்கிள் உறையில் அச்சடித்திருக்கும் வரிசையைப் பார்த்து மாட்டுங்கள். நண்பனின் டாங்கிள் படத்தைப் பார்த்து மாட்டாதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் மலிவு டாங்கிள்களில் பின் வரிசை ஒன்றுக்கொன்று மாறுவது உண்டு. கிரவுண்ட் வயர் கழன்றிருந்தாலும் சில நேரம் விளக்கு எரியும், சிப் பேசாது. மல்டிமீட்டர் இருந்தால் சிப் பக்கத்தில் 3.3 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிடுங்கள். ஓபன்ஓசிடியே டார்கெட் வோல்டேஜ் என்று ஓர் எண் காட்டும், ஆனால் மலிவு டாங்கிளில் அந்த எண்ணை விட மீட்டரைத்தான் நான் நம்புவேன்.

முதல் தடவை ஏறிச்சு, இரண்டாம் தடவை ஏறலை

இந்தப் புகார் வந்தால் நான் வயரைப் பற்றிக் கேட்பதே இல்லை. "க்யூப்எம்எக்ஸில் டீபக் இடத்தில் என்ன வைத்திருக்கிறாய்?" என்றுதான் கேட்பேன்.

எஸ்டிஎம்32 சிப்பில் டீபக் செய்யும் இரண்டு கால்கள் பிஏ13, பிஏ14. சிப் விழித்ததும் அவை டீபக் வேலைக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் உங்கள் நிரல் அவற்றைச் சாதாரண கால்களாக மாற்றலாம், டீபக்கை மொத்தமாக அணைக்கவும் செய்யலாம். எஃப்1 வகை சிப்புக்கு க்யூப்எம்எக்ஸில் திட்டம் தொடங்கும்போது, சிஸ்டம் பகுதியில் டீபக் என்ற இடத்தைத் தொடாமல் விட்டால் "நோ டீபக்" என்றே இருக்கும். அந்தக் கருவி எழுதிக் கொடுக்கும் நிரலில் டீபக்கை அணைக்கும் ஒரு வரி சேர்ந்துவிடும். முதல் தடவை சிப் காலியாக இருந்ததால் நிரல் ஏறியது. ஏறிய நிரல் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக, தான் வந்த கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டது. சிப் கெட்டுப்போகவில்லை. குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்காதீர்கள்.

திறப்பதற்கு வழி இருக்கிறது. போர்டின் மேலே இரண்டு மஞ்சள் ஜம்பர் தொப்பிகள் இருக்கும். பூட்0 தொப்பியை 1 பக்கம் நகர்த்தி, பூட்1 தொப்பியை 0 பக்கமே விட்டு, ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். இப்போது சிப் உங்கள் நிரலை ஓட்டாமல், தொழிற்சாலையில் எழுதப்பட்ட பூட்லோடரில் நிற்கும். டீபக் கால்கள் திறந்திருக்கும். க்யூப்எம்எக்ஸில் "சீரியல் வயர்" என்று மாற்றி, மறுபடி கம்பைல் செய்து, ஏற்றி, தொப்பியைப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். ரீசெட் பொத்தானை விரலால் பிடித்துக்கொண்டே கனெக்ட் கொடுத்து, சரியான நேரத்தில் விடுகிற முறையும் உண்டு. நண்பர்கள் அதை வித்தை மாதிரி செய்து காட்டுவார்கள். எனக்கு ஜம்பர் முறைதான் பிடிக்கும், அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை.

போலி சிப் கதைக்கு வருவோம். ஓபன்ஓசிடி சிப்பிடம் முதலில் கேட்பது அதன் அடையாள எண். அசல் எஸ்டிஎம்32எஃப்103 சொல்லும் எண் 1 என்று தொடங்கும். சில நகல் சிப்புகள் சொல்லும் எண் 2 என்று தொடங்கும், மீதி எழுத்தெல்லாம் அப்படியே. ஓபன்ஓசிடி அதைக் கண்டுபிடித்து, எதிர்பார்த்த எண் இது, வந்த எண் இது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு நிற்கும். டார்கெட் கோப்புக்கு முன்னால் சிபியு டேப் ஐடி என்ற மதிப்பை அந்த இரண்டாவது எண்ணாக அமைத்தால் வேலை ஓடும். படிப்புக்குப் பரவாயில்லை. காசு வாங்கிக்கொண்டு யாருக்காவது செய்து கொடுக்கும் கருவியில் இப்படிப்பட்ட சிப்பை வைக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் சிப்பில் 6 பிரேக்பாயிண்ட், 4 வாட்ச்பாயிண்ட் இருக்கிறது என்று ஒரு வரி வரும். பிறகு 3333 போர்ட்டில் ஜிடிபிக்காகக் காத்திருக்கிறேன் என்று இன்னொன்று. முதல் வரியைப் பார்த்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். அந்த எண்ணிக்கை சிப்பிடமிருந்து வந்தது. அடுப்பு எரிகிறது, பாதி பந்திவரை வாளி வந்துவிட்டது.

போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால், முன்பு ஓட்டிய ஓபன்ஓசிடி இன்னும் பின்னணியில் கிடக்கிறது. டாஸ்க் மேனேஜரில் தேடி அதை முடித்துவிடுங்கள்.

இப்போது எடிட்டரைத் திறக்கலாம்

டெர்மினலில் வேலை செய்தது எடிட்டரில் வேலை செய்யவில்லை என்றால், கோளாறு லாஞ்ச் கோப்பில்தான். சிப்பை மறந்துவிடலாம். இப்போது தேட வேண்டியது ஒரே ஒரு கோப்பு, அதிலும் பத்துப் பதினைந்து வரி. முன்பு அழித்துப் போட்டுக்கொண்டிருந்த உலகம் எவ்வளவு பெரிசு, இது எவ்வளவு சிறிசு!

நான் பார்த்தவரை நாலில் மூன்று கோளாறு பாதைதான். திட்டக் கோப்புறையைத் திறக்காமல் அதற்கு மேலே இருக்கும் கோப்புறையைத் திறந்திருப்பார்கள். "வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டர்" என்ற சொல் எடிட்டரில் நீங்கள் திறந்த கோப்புறையைத்தான் குறிக்கும். அது மாறினால் எக்ஸிக்யூட்டபிள் என்ற இடத்தில் சொன்ன எல்ஃப் கோப்பு கிடைக்காது. விண்டோஸ் பாதையில் வரும் பின்சாய்வுக் கோட்டை ஜேசன் கோப்பில் இரண்டாக எழுத வேண்டும். அப்புறம் கல்லூரி கொடுக்கும் ஒன்டிரைவ் கோப்புறை. அதன் பெயரிலேயே இடைவெளியும் கோடும் கல்லூரிப் பெயரும் இருக்கும். மேக் என்ற பழைய கருவிக்குப் பாதையில் இடைவெளி வந்தாலே தலைசுற்றும். திட்டத்தை சி டிரைவில் நேராக, இடைவெளி இல்லாத சின்னப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே டெர்மினல் பகுதியில் ஜிடிபி-சர்வர் என்று ஒரு தாவல் இருக்கும். ஓபன்ஓசிடி பேசுவதெல்லாம் அங்கேதான் வரும். மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டியைப் படிப்பதை விட்டு அதைப் படிக்கப் பழகுங்கள். டெர்மினலில் நீங்கள் பார்த்த அதே செய்திகள், இப்போது அவை பழகிய முகம்.

சிவப்பு நெளிகோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பின் மேலே ஹெடரைக் காணோம் என்று எடிட்டர் சிவப்பாகக் கோடு போடுவது எடிட்டரின் சொந்தக் கணிப்பு. கம்பைலர் அதைக் கேட்பதில்லை. கோடு இருந்தாலும் கம்பைல் ஆகலாம், கோடு இல்லாமலும் ஆகாமல் போகலாம். நெளிகோட்டைத் திருத்துவதற்காக மாலை முழுக்க உட்காராதீர்கள், டெர்மினலில் கம்பைலர் சொல்வதுதான் பேச்சு.

கனெக்ட் ஆன பிறகு வரும் குழப்பங்கள்

மஞ்சள் கோடு வந்தாச்சு. ஆனால் அது தாறுமாறாகக் குதிக்கிறது, மாறியின் மதிப்பைக் கேட்டால் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்கிறது. கம்பைலர் வேகத்துக்காக வரிகளைக் கலைத்துப் போட்டிருக்கிறது. டீபக் செய்யும்போது ஆப்டிமைசேஷனை ஓஜி நிலைக்குக் குறைத்து, டீபக் தகவலையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோடு காலி வரியில் நின்றால் சிப்பில் இருப்பது பழைய நிரல், திரையில் இருப்பது புது நிரல். எஃப்5 தட்டும்போதே முதலில் கம்பைல் ஆகும்படி ப்ரீ-லாஞ்ச் டாஸ்க் அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்பாது. ஏழாவது பிரேக்பாயிண்ட் ஏற்காது என்றால் மேலே சொன்ன அந்த 6 என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், அவை சிப்பில் சிலிக்கனாகவே இருப்பவை. நிறுத்தி வைத்த நிரல் தானாக மறுபடி முதலிலிருந்து ஓடினால் வாட்ச்டாக் கடிக்கிறது. நிரல் உறைந்துவிட்டது என்று அது நினைக்கிறது, அதன் பார்வையில் நியாயமும்கூட. டீபக் நேரத்தில் வாட்ச்டாக்கையும் சேர்த்து நிறுத்தி வைக்க எஸ்டிஎம்32இல் தனி பிட் உண்டு.

தேர்வாளர் முன்னால் கருவியைக் காட்டும் நாளுக்கு முந்தின இரவு எதையும் அப்டேட் செய்யாதீர்கள். எக்ஸ்டென்ஷன் தானாக அப்டேட் ஆவதையும் அணைத்துவிடுங்கள். வேலை செய்கிற டெர்மினல் கட்டளையை ஒரு தாளில் எழுதி, எந்தக் கேபிள், எந்த டாங்கிள் என்பதையும் அதிலேயே குறித்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு பேராகச் சேர்ந்து செய்ய வேண்டிய பயிற்சி இது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியே போகட்டும். மற்றவர் ஒரே ஒரு இடத்தில் கெடுக்க வேண்டும்: எஸ்டபிள்யூசிஎல்கே வயரைக் கழற்றலாம், சார்ஜ் கேபிளை மாற்றி வைக்கலாம், பின்னணியில் இன்னொரு ஓபன்ஓசிடியை ஓட விடலாம், லாஞ்ச் கோப்பில் எல்ஃப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றலாம், "நோ டீபக்" நிரலை ஏற்றி வைக்கலாம். வெளியே இருந்தவர் வந்து, போர்டைத் தொடாமல், திரையில் வரும் செய்தியை மட்டும் படித்து, எந்த இரண்டு கைகளுக்கு நடுவில் வாளி நிற்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கையை வைக்கலாம். பிறகு ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். ஐந்தாவது தடவை எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி அனுப்புங்கள்.